கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த கதை

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு மாத இதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டது கட்டுரை. "மனநல ஆலோசனைக்கு முதல் தடவை போறவங்க என்ன எதிர்பார்க்கலாம்னு எழுதிக் குடுங்க. பெரியவங்களுக்கும் ஆகணும், டீன்ஏஜ் பசங்களுக்கும் ஆகணும். முக்கியமா, பயமுறுத்தாதீங்க" என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எழுதினேன்:

முதல் சந்திப்பில் ஆலோசகர் உங்களைப் பற்றிச் சில பொதுவான கேள்விகள் கேட்பார். பதற்றம் ஏற்படுவது இயல்பே. உங்களுக்கு வசதியான வேகத்தில்

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. 'வசதியான வேகம்' என்று தட்டிய கையோடு ஒரு பெண், கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்று, "எது வசதி? யாருக்கு வசதி? அந்தக் கதவுக்கு வெளிய நாற்காலி போட்டு உக்காந்து பாத்திருக்கீங்களா நீங்க?" என்று கேட்டாள்.

(கதாபாத்திரங்கள் தாமாகவே வந்து நிற்பார்கள் என்பது எழுதுகிறவர்கள் பேட்டிகளில் அளக்கிற அளப்பு. எனக்கும் அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இவளை நான் கூப்பிடவில்லை என்பது மட்டும் நிச்சயம். கூப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறவளைக் கூப்பிட்டிருப்பேன்.)

தெருவில் எல்லோரும் அவளைப் பார்லர் அக்கா என்பார்கள். நானும் அக்கா என்றே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஒரு மகள், பதினைந்து வயது, வீட்டில் வாலு என்று பெயர். ஒரு கணவர், ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஆலோசகர் ஒருவர் வருவார், பிற்பாடு இன்னொருவர். ஆட்கள் அவ்வளவுதான். ஞாபகம் வைத்துக்கொள்ளப் பரீட்சையெல்லாம் கிடையாது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

அன்று மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. (அடித்துவிட்டேன். சோகம் வரப்போகிறதென்றால் நாங்கள் முதலில் மழைக்குத்தான் சொல்லியனுப்புவோம். அன்று பல்லைக் காட்டும் வெயில்.)

இரண்டாவது முயற்சி:

ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவளின் மகள், தன் முடியைத் தானே பிடுங்கிக்கொண்டாள். (பொய்யில்லை. ஆனால் இப்படிச் சொன்னால் ஏதோ வித்தை காட்டுகிற மாதிரி இருக்கிறது. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதை யாராவது வித்தை என்கிறார்களா?)

மூன்றாவது. இதையே வைத்துக்கொள்கிறேன்:

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பார்லரில் ஆள் இருக்காது. மறுநாள் பள்ளியில் குழுப் படம் எடுக்கிறார்கள் என்று, அக்கா மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வாலு பல மாதமாகவே அம்மாவின் கைக்கு எட்டாமல் நழுவிக்கொண்டிருந்தாள். தலை வலிக்கிறது, படிக்கணும், நேற்றுதான் குளித்தேன் என்று ஏதாவது ஒரு சாக்கு.

"உக்காருடி. அலசிட்டு நுனி மட்டும் வெட்டி விடுறேன்."

"வேணாம்மா. நானே பின்னிக்கிறேன்."

"ஊருல உள்ள முடியெல்லாம் என் கையில. பெத்த பொண்ணு நுனி பிளந்து திரியுறா. பாக்குறவங்க என்ன சொல்வாங்க?"

தொட்டிமேல் தலையைச் சாய்க்க வைத்து, வெந்நீர் விட்டு, விரல்களை உள்ளே விட்டாள். அக்காவின் விரல்களுக்குக் கண் உண்டு. இடது காதுக்கு மேலே போனதும் அவை நின்றன. உள்ளங்கை அகலத்துக்கு அங்கே வழுக்கை. நடுவில் வழவழப்பு, ஓரத்தில் குட்டை குட்டையாய், ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாத முள்முடி.

படை வந்து கொட்டிய தலையை அக்கா பார்த்திருக்கிறாள். பிள்ளை பெற்றதும் கொத்தாய் உதிர்கிற தலையை வாராவாரம் பார்க்கிறாள். காசு வட்டத்தில் திடீரென்று விழுகிற சொட்டையும் தெரியும், அதற்கு ஓரம் சுத்தமாக இருக்கும். இது எதுவுமில்லை. இது விழுந்த முடி இல்லை, பிடுங்கிய முடி.

"யாருடி பண்ணது? ஸ்கூல்லயா? எவ அவ, சொல்லு!"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வாலு கண்ணைத் திறக்கவில்லை.

"நான்தான்மா" என்றாள்.

3

அதற்கப்புறம் அக்கா செய்ததையெல்லாம் எழுதினால் உங்களுக்கு அவள்மேல் கோபம் வரும். எனக்கும் வந்தது. இருந்தாலும் எழுதாமல் விட்டால் அது கதைக்குச் செய்கிற துரோகம்.

காலையில் ஒரு தடவை, பள்ளி விட்டு வந்ததும் ஒரு தடவை, தலையைப் பிரித்துப் பார்த்தாள். படிக்கிற நேரத்தில் கையுறை மாட்டிவிட்டாள். விரல் நுனியில் கசப்பு மருந்து தடவினாள். "கையை எடு!" என்று அடுப்படியிலிருந்து கத்துவாள், மகள் கையைக் கன்னத்தில்தான் வைத்திருப்பாள். விதவிதமான எண்ணெய் வந்தது. அழுதாள், கெஞ்சினாள், நல்ல கைபேசி வாங்கித் தருகிறேன் என்றாள். ஒருநாள், "உனக்கு என்னடி குறை வச்சோம்?" என்றும் கேட்டுவிட்டாள். அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையாலும் பதில் சொல்ல முடியாது என்பது கேட்ட பிறகுதான் பெற்றவர்களுக்கு உறைக்கும்.

இன்னொன்றும் உண்டு. பார்லரின் கண்ணாடிக் கதவில் ஆள் உயரத்துக்கு ஒரு படம் ஒட்டியிருந்தது. இடுப்பைத் தாண்டி வழிகிற முடியோடு சிரிக்கிற ஒரு பெண். அது வாலுதான், முன்னொரு காலத்து வாலு. "உங்க பொண்ணு மாதிரி வளரணும்க்கா" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் நிறைய. அக்கா அந்தக் கதவைத் திறந்துகொண்டுதான் தினமும் கடைக்குள் போனாள்.

(இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவளை இப்படியே விட்டால் வாசகர்கள் இவளைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். 'அவளும் மனுஷிதானே' என்று ஒரு பத்தி எழுதித் தாங்கிப் பிடிக்கப் பார்த்தேன். வேண்டியிருக்கவில்லை. ஒரு மதியம், ஆளில்லாத கடையில், அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் தலையிலிருந்தே ஒரு முடியைச் சுண்டிப் பிடுங்கினாள். சுருக்கென்று வலித்தது. இன்னொன்று பிடுங்கினாள். "இதுல உனக்கு என்னடி ஆறுதல் கிடைக்குது?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள். அதன்பிறகு அவளுக்கு என் தயவு தேவைப்படவில்லை.)

தோல் மருத்துவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "தோல்ல ஒண்ணும் இல்லம்மா. இது நிறையப் பேருக்கு வர்றதுதான், வேணும்னு பண்றது இல்ல. திட்டாதீங்க. ஒரு கவுன்சிலரைப் பாருங்க" என்று எண் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் வந்து சொன்னதும் மெக்கானிக், திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "கவுன்சிலரா? எந்த வார்டு?" என்று கேட்டார்.

வாலு சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் அக்கா அவரைத் திட்டாமல் விட்டாள்.*

ஆனால் சம்மதித்துவிடவில்லை. "பேசுறதுக்கு ஒரு ஆபீஸா? என் கடைக்கு வர்ற அத்தனை பேரும் அழுதுட்டுத்தான் போறாங்க. மாமியார் கதை, புருஷன் கதை, எல்லாத்தையும் முடியோட சேத்துக் கூட்டி அள்ளிட்டுத்தான் வீட்டுக்கு வர்றேன். என்கிட்ட பேசாததையா அங்க போய்ப் பேசப்போறா?"

"அதான்மா" என்றாள் வாலு. அவ்வளவுதான் சொன்னாள்.

* இந்த வேலைக்குத் தமிழில் ஆற்றுப்படுத்துநர் என்று ஒரு சொல் இருக்கிறது. கட்டுரையில் அதைப் போட்டால் ஆசிரியர் 'யாருக்கும் புரியாது' என்று அடித்துவிடுவார். எனக்கு அது பிடிக்கும். சூட்டை ஆற்றுவது, புண் ஆறுவது, வழிகாட்டி ஆற்றுப்படுத்துவது மூன்றும் அதில் இருக்கிறது. மூன்றிலும் பொதுவான சங்கதி, நேரம் பிடிக்கும் என்பது.

4

ஆலோசகரின் இடம் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. காத்திருக்கும் இடத்தில் சில நாற்காலிகள், பழைய வார இதழ்கள், அறைக் கதவின் காலடியில் ஒரு சின்ன வட்டச் சாதனம். அது 'ஸ்ஸ்ஸ்' என்று ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டவளுக்கு இரைச்சல் என்றால் கோளாறு. அக்கா குனிந்து ஸ்விட்சைத் தேடி அணைத்துவிட்டாள்.

உடனே கதவு திறந்தது. "அது ஓடட்டும்மா. கெட்டுப்போகல. உள்ள பேசுறது வெளிய கேக்கக்கூடாதுன்னு வச்சிருக்கோம்" என்றாள் ஆலோசகர். அக்காவை விட வயதில் இளையவள். முன்நெற்றி முடியைத் தானே வெட்டிக்கொண்டிருக்க வேண்டும், வலது பக்கம் ஏறியிருந்தது. அக்காவின் கை பரபரத்தது.

முதலில் மூவரும் உட்கார்ந்தார்கள். சாய்ந்து படுக்கிற கட்டில் எதுவும் இல்லை என்பதில் அக்காவுக்கு நிம்மதி, சிறிது ஏமாற்றமும்கூட. சாதாரண நாற்காலிகள். கை எட்டும் தூரத்தில் டிஷ்யூ பெட்டி. என்ன விஷயம் என்று கேட்டதுதான் தாமதம், அக்கா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். ஆலோசகர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் வாலு பக்கம் திரும்பி, "அம்மா சொன்னதுல எது சரி, எது சரியில்ல?" என்றாள்.

வாலு தோளைக் குலுக்கினாள்.

"சரி, அது அப்புறம். உன்னை இங்க எப்படிக் கூப்பிடட்டும்?"

வாலு கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு பெயர் சொன்னாள். அது வீட்டுப் பெயருமில்லை, பள்ளிக்கூடப் பெயருமில்லை. தானாக வைத்துக்கொண்ட பெயர். அக்கா மகளைத் திரும்பிப் பார்த்தாள், பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல.

(அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.)

"இங்க நீ பேசுறது இங்கயேதான் இருக்கும்" என்றாள் ஆலோசகர். "சில விஷயத்துக்கு மட்டும் விலக்கு. உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, இல்ல உன்னால வேற யாருக்காவது ஆபத்துன்னா, இல்ல உன்னை யாராவது கஷ்டப்படுத்துறாங்கன்னா, நான் பேசாம இருக்க மாட்டேன். அப்பவும் முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் மத்தவங்ககிட்ட போவேன்."

"அப்ப எனக்கு?" என்றாள் அக்கா.

"உங்களுக்குத் தெரிய வேண்டியதை அவளே உங்ககிட்ட சொல்ற மாதிரி கொண்டுவரப் பாப்போம்."

"பெத்தவ நான், மேடம்."

"ஆமாம்மா. அதனாலதான் அவளால இங்க வர முடிஞ்சிருக்கு. இப்ப கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?"

அக்கா எழுந்தாள். பையை மறந்துவிட்டு, திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போனாள். கதவு மூடிக்கொண்டது.

கதவுக்கு அந்தப் பக்கம், வாலு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இடது கையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக

இல்லை.

இதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதவை உண்டாக்கியவன் நான், எனக்கு அதைத் திறக்கத் தெரியும். அந்தப் பெண்ணின் தலைக்குள்ளேயேகூடப் போய் உட்கார்ந்துகொள்ளலாம், கதை எழுதுகிறவர்கள் காலங்காலமாகச் செய்துவருவது அதைத்தான். ஆனால் 'இங்கேயேதான் இருக்கும்' என்று அவளுக்கு ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆலோசகர் கொடுத்தாள். என் கதைக்குள் நின்று கொடுத்ததால் அது என்னையும் கட்டும் என்று நினைக்கிறேன். ஆகவே நான் அக்காவோடு வெளியே உட்கார்கிறேன். நீங்களும் வாருங்கள், பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"என்னடி கேட்டாங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா அவ்வளவு நேரம்?"

"பேசாமலும் இருந்தோம்."

"பேசாம இருக்கவா மாடி ஏறிப் போனோம்? அதை நம்ம வீட்லயே பண்ணலாமே!"

வாலு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கிறாளா, வேறு எதையாவதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

5

கட்டுரையில் இந்த இடத்தில் ஒரு வரி வைத்திருந்தேன்: ஆரம்ப வாரங்களில் மனம் சற்றுக் கனமாகத் தோன்றக்கூடும்.

'சற்றுக் கனம்' என்றால் என்ன தெரியுமா? கதவை அறைந்து சாத்துவது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவது. "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே!" என்று தெருவுக்குக் கேட்கக் கத்துவது. தலையில் வலது பக்கமும் புதிதாக ஒரு சின்ன வழுக்கை. அக்கா பொங்கினாள். இதற்குத்தானா கூட்டிக்கொண்டு போனோம்?

மெக்கானிக் மட்டும் பதறவில்லை. கைக்கு வேலை இருந்தால் தலைக்குப் போகாது என்று மேடம் சொன்னதாக மகள் ஒருநாள் அவரிடம் சொல்லியிருந்தாள். மறுநாள் வேலைப் பையிலிருந்து கைநிறைய நட்டும் போல்ட்டும் எடுத்து, எண்ணெய் போகத் துடைத்து, அவள் மேசையில் கொட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு வாலு படிக்கும்போது விரல்கள் நட்டைப் போல்ட்டில் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தன. எப்போதும் உதவியது என்று சொல்ல மாட்டேன். சில நேரம் உதவியது. அக்கா வீடு முழுக்க அவற்றை மிதித்து மிதித்து, "இது வீடா ஒர்க்ஷாப்பா?" என்று நொண்டிக்கொண்டு திரிந்தாள்.

ஒருநாள், வாடிக்கையாளர் ஒருத்தியின் தலைக்குச் சாயம் பூசிவிட்டு, அது ஊறுகிற இடைவெளியில் அக்கா ஆலோசகரைக் கூப்பிட்டாள்.

"மேடம், இனிமே வரலன்னு சொல்லத்தான் போன் பண்ணேன். வர்றப்ப அமைதியா இருந்த புள்ள, இப்பக் கத்துறா. பழசே பரவால்ல."

"கத்துறாளா?"

"பின்ன? தெருவே பாக்குது."

"முன்னாடி எப்பவாவது கத்துவாளா?"

"சின்னதுல கத்தாத நாள் ஏது? வாலுன்னு சும்மாவா பேர் வச்சோம்! மரத்துல ஏறும், வாய்க்கு வாய் பேசும். இப்பத்தான் ரெண்டு வருஷமா அப்படியே அடங்கி… நல்ல பொண்ணாயிட்டா, எவ்வளவு அமைதின்னு எல்லாரும் என்கிட்ட…"

அக்கா நிறுத்திவிட்டாள். கையில் கைபேசி, இன்னொரு கையில் சாயம் ஒட்டிய பிரஷ். சொல்லிக்கொண்டிருந்தது என்னவென்று அவள் காதுக்கே அப்போதுதான் எட்டியிருக்க வேண்டும்.

ஆலோசகர் எதையும் விளக்கவில்லை. "நீங்க எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன, நான் நல்லாத்தான்" என்று தொடங்கிய வாக்கியத்தை அக்கா முடிக்கவில்லை. (என் வாக்கியங்கள் அறுந்தால் அது உத்தி. அவள் வாக்கியம் அறுந்தது உத்தியில்லை.) நாற்காலியில் இருந்தவள், "அக்கா, எரியுதுக்கா, நேரம் ஆயிடுச்சா?" என்று கூப்பிட்ட பிறகுதான் அக்கா திரும்பினாள். கடை திறந்த நாளிலிருந்து அவள் கையில் ஒரு தலை நேரம் தப்பியதில்லை. அன்று தப்பியது. கேட்டது பழுப்பு, வந்தது கருப்பு.

வரவில்லை என்று சொல்லக் கூப்பிட்டவள், அதைச் சொல்லாமலே வைத்துவிட்டாள்.

6

இந்தப் பகுதியை எழுதலாம். அக்காவும் உள்ளே இருந்தாள். "அம்மாவை ஒருநாள் உள்ள கூப்பிடலாமா?" என்று கேட்டது வாலுதான்.

மகள் ஒரு நட்டை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே பேசினாள். அம்மாவைப் பார்க்காமல், டிஷ்யூ பெட்டியைப் பார்த்து.

"நீ என்னைப் பாக்குறப்பல்லாம் தலையைத்தான்மா பாக்குற. ஸ்கூல் விட்டு உள்ள வர்றேன், உன் கண்ணு நேரா காதுக்கு மேல போகும். அங்க பாத்துட்டு அப்புறம்தான் என்கிட்ட வரும். சில நாள் வரவே வராது."

"அது உன் நல்…" என்று அக்கா வாயெடுத்தாள். ஆலோசகர் கையைக்கூட உயர்த்தவில்லை. அக்காவே விழுங்கிக்கொண்டாள்.

"அப்புறம், கடைக் கதவுல இருக்காளே, அவ. தினம் அவளைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போறேன். எல்லாரும் அவளைப் பாத்துட்டு என்னைப் பாப்பாங்க. எனக்கு அவளைப் பிடிக்கல. நான் பிச்சது அவளோட முடியைத்தானோ என்னவோ. தெரியல."

(இந்தப் பேச்சு வயதுக்கு மீறியது என்று ஒருமுறை அடித்துவிட்டேன். கடைசியில் இருக்கிற 'தெரியல'வுக்காகத் திரும்பக் கொண்டுவந்தேன். ஆலோசகரும் அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.)

"அது ஒரு காரணமா இருக்கலாம்" என்றாள் ஆலோசகர். "அது மட்டும்தான்னு இல்ல. இதுக்கெல்லாம் ஒரே ஆள்மேல பழி போட முடியாது. அம்மாமேலயும் போட வேணாம், உன்மேலயும் போட வேணாம்."

அக்கா அன்று பஸ்ஸில் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. நேராகக் கடைக்குப் போய், மக்கில் வெந்நீரும் ஒரு பிளேடும் எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பசை நல்ல பசை. ஒரு மூலைகூட எழும்பவில்லை. நகத்தால் சுரண்டினாள். மூச்சு வாங்கியது.

பின்னாலேயே வந்த வாலு சற்று நேரம் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய், முடி காயவைக்கிற டிரையரை நீள வயரோடு இழுத்து வந்து, கதவைப் பார்த்துப் பிடித்தாள். சூடு பட்டதும் பசை இளகியது. மூலை சுருண்டுகொண்டு வந்தது.

"மெதுவா. கண்ணாடிக்கு ரொம்பக் கிட்ட காட்டாத, விரிஞ்சிடும்."

"தெரியும்மா. உன் பொண்ணுதானே."

முடி முதலில் வந்தது, பட்டை பட்டையாக. அப்புறம் தோள். அப்புறம் சிரிப்பு. கடைசியில் கண்ணாடியில் ஒற்றை மூக்கு மட்டும் தனியாக ஒட்டிக்கொண்டு நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று பிற்பாடு இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். வழியோடு போன ஒருத்தி நின்று, "என்னக்கா, கடையைக் காலி பண்றீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. கண்ணாடி தொடைக்கிறோம்."

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். அழகாகவும் இருந்திருக்கும். ஆனால் ஒரு படத்தைக் கிழித்தால் முடி வளர்ந்துவிடும் என்று நீங்கள் நம்பிவிடுவீர்களோ என்று எனக்குப் பயம். அந்த வாரமே வாலு மறுபடியும் பிடுங்கினாள்.

7

இப்போது அக்காவின் முறை.

அவளுக்கென்று வேறொரு ஆலோசகரின் எண்ணை மகளின் ஆலோசகரே தந்திருந்தாள். "நானே ரெண்டு பேரையும் பாத்தா, நான் யார் பக்கம்னு உங்க ரெண்டு பேருக்குமே சந்தேகம் வரும்" என்றாளாம். அந்த எண் அக்காவின் கைப்பைக்குள் வெகுநாள் கிடந்தது. ஒருவழியாக நேரம் குறித்துக்கொண்டு, போகிற அன்று, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "எனக்கு எதுக்குடி? எனக்கு என்ன ஆச்சு? என்ன பேசுறதுன்னே தெரியல" என்றாள்.

வாலு சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"முதல் நாள் ஒண்ணும் ஆகாதும்மா. அவங்கதான் கேப்பாங்க. பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. பேசத் தோணலன்னா அதையும் சொல்லு. அழுகை வந்தா அழு, வரலன்னா வரவழைக்காத, அங்க யாரும் மார்க் போடல. டிஷ்யூ அவங்களே வச்சிருப்பாங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு நாளைக்கு எல்லார்மேலயும் எரிஞ்சு விழுவ, நாங்க பாத்துக்கிறோம். ரெண்டு மூணு தடவை போயும் அந்த ஆளைப் பிடிக்கலன்னா வேற ஆளைக் கேளு, அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. அந்த சத்தம் போடுற மிஷினை மட்டும் அணைக்காத."

(என் கட்டுரை மொத்தமும் இதுதான். ஆசிரியர் கேட்டது பெரியவர்களுக்கும் ஆகிற மாதிரி. வாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்துக்குள் அவள் சொல்லி முடித்துவிட்டாள். இதை மட்டும் அனுப்பிவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்திருக்க மனம் வரவில்லை, எனக்கு இந்த வீட்டில் உட்கார்ந்து பழகிவிட்டது.)

அக்காவின் ஆலோசனை அறைக்குள் நாம் போகலாம். அவளே கூப்பிடுகிறாள். உள்ளே நடந்ததைக் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அவள் சொல்லியாயிற்று, நமக்கு மட்டும் என்ன?

நரைத்த தலை, வயதான மனிதர். அக்கா உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தாள். மகளைப் பற்றிப் பேசினாள், கணவரைப் பற்றிப் பேசினாள், மாமியாரோடு மல்லுக்கட்டுகிற வாடிக்கையாளரைப் பற்றி, மாப்பிள்ளை அமையாத இன்னொருத்தியைப் பற்றி, சாயம் கருத்துப்போனவளைப் பற்றி. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க இன்னும் வரலையே?" என்றார்.

"இதோ, உங்க முன்னாடிதானே சார் உக்காந்திருக்கேன்."

"ஆமா" என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அக்காவுக்கு முதலில் எரிச்சலாக வந்தது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். பேச்சு நின்ற இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை, கடையில் பேச்சு நின்றால் டிரையரைப் போடலாம். இங்கே டிரையர் இல்லை. வெகுநேரம் கழித்து, தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னாள்:

"எனக்குக் கை வலிக்குது சார்."

அதுவரை யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. கத்தரி பிடித்துப் பிடித்து வந்த வலி. சொன்னால் கடைக்குப் போகாதே என்பார்கள், கடைக்குப் போகாவிட்டால் அவள் யார்? அந்தக் கேள்வியைத்தான் அவர்கள் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

8

முடிவுக்கு வந்தாக வேண்டும். சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: வாலுவின் முடி முழுவதும் வளர்ந்துவிடுகிறது. பள்ளி விழாவில் பின்னல் அசைய நடந்து வருகிறாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். (கடைக் கதவில் கிழித்த படத்தை நானே திரும்ப ஒட்டுகிற மாதிரி இருந்தது.)

முடிவு இரண்டு: வாலு தலையை முழுக்க மழித்துக்கொண்டு, நிமிர்ந்து பள்ளிக்குள் நுழைகிறாள். (வாசகர்கள் கைதட்டுவார்கள். தட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். மறுநாளும் பள்ளிக்குப் போக வேண்டியவள் அவள்.)

நடந்தது என்னவோ அதைச் சொல்கிறேன். காதுக்கு மேலே முடி ஒரு விரல் நீளம் வந்திருக்கிறது, துருத்திக்கொண்டு நிற்கிறது, படிய மாட்டேன் என்கிறது. அவள் இப்போது கழுத்தளவு வெட்டிக்கொண்டுவிட்டாள். வெட்டியது அம்மா இல்லை, தோழியோடு வேறு கடைக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்தாள். பின்பக்கம் கோணலாக இருந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு சாதனைக்காகவே அவளுக்கு நான் இந்தக் கதையைச் சமர்ப்பிக்கலாம். ஆலோசகரிடம் போவது தொடர்கிறது. இருவரும் அவரவர் நாளில் போகிறார்கள். வீட்டில் சத்தம் கூடியிருக்கிறது, சண்டையும் சிரிப்புமாக.

பிறகு, பரீட்சை வந்தது.

ஒரு சாயங்காலம். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். மெக்கானிக் அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்க்கப் போயிருக்கிறார், சொந்த வீட்டு ஃப்ரிட்ஜ் லொட லொடவென்று ஆடுகிறது. வாலு வந்து அதில் சாய்ந்து நிற்கிறாள். தலையில் துண்டைச் சுற்றியிருக்கிறாள்.

"அம்மா."

"ம்."

"இன்னைக்குப் பிச்சுட்டேன். கொஞ்சம் இல்ல. நிறைய."

அக்கா குழாயை மூடுகிறாள். திரும்புகிறாள். ஈரக்கை சொட்டுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை நாளில் வாலு தானாக வந்து சொன்னது இதுதான் முதல் தடவை. யாரும் தலையைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. அவளே நடந்து வந்து நிற்கிறாள்.

அக்கா என்ன சொன்னாள்?

"பரவால்லடா செல்லம்." (அவளுக்குப் பரவாயில்லை என்றா இங்கே வந்து நிற்கிறாள்?)

"நல்லாத்தானேடி போயிட்டிருந்துச்சு…" (வேண்டாம்.)

"மேடம்கிட்ட சொன்னியா?" (நல்ல கேள்விதான். இரண்டாவதாகக் கேட்கலாம். முதலாவதாகக் கேட்டால் கைகழுவுகிற மாதிரி ஆகிவிடும்.)

"சாப்டியா?" (சிரிக்காதீர்கள். இதைத்தான் வெகுநேரம் வைத்திருந்தேன். சரியாகக்கூட இருக்கலாம். சொல்கிற குரலைப் பொறுத்தது, குரலை எழுத எனக்கு வரவில்லை.)

இன்னும் எழுதினேன். எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்தால் எல்லாமே நான் பேசுகிற மாதிரி இருக்கிறது. எனக்கு முன்னால் யாரும் இப்படி வந்து நின்றதில்லை. உங்கள் முன்னால் ஒருவேளை நின்றிருக்கலாம். அல்லது அந்த ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றவரே நீங்களாக இருக்கலாம், அப்படியென்றால் அந்த நேரத்தில் உங்கள் காதுக்கு என்ன வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

வாலு போய்விடவில்லை. துண்டின் முனையைத் திருகிக்கொண்டு நின்றுகொண்டே இருக்கிறாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வருகிறாள், வாயைத் திறக்கிறாள்.

சொல்லுங்கள்.